இரண்டு எழுத்துக்காக எருசலேம் வரை

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பக்தியால் போகவில்லை, பொறாமையால் போனேன். எருசலேம் போய் வந்தவர்கள் பெயருக்குப் பின்னால் 'ஜே.பி.' போட்டுக்கொள்வது எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களில் வழக்கம். ஜெருசலேம் பில்கிரிம் என்பதன் சுருக்கம். என் சகலை ஞானராஜ் போய்வந்த மறுவாரமே தண்டையார்பேட்டைக் கடையின் பலகையை மாற்றி எழுதினார். மே மாதம் என் மகள் கல்யாணம். அழைப்பிதழில் சித்தப்பா பெயர் ஜே.பி.யோடும், பெண்ணைப் பெற்றவன் பெயர் மொட்டையாகவும் வருவதா? பிப்ரவரியில் கிளம்பிவிட்டேன்.

பத்து நாள், ஆளுக்கு 1,45,000 ரூபாய். விமானம், விசா, அறை, சாப்பாடு அடக்கம். டிப்ஸ் 70 டாலர் தனி. அதை ஏஜெண்ட் கடைசியில்தான் சொல்வார். மனைவிக்கு முழங்கால் வலி, வரவில்லை. அறையில் எனக்குத் துணை அந்தோணி. முகத்துவாரக்குப்பத்து மீனவர், இராயபுரத்தில் என் கடையில்தான் வலை வாங்குவார். குவைத்தில் நர்சாக இருக்கும் மகள் பணம் கட்டி அனுப்பியிருந்தாள்.

யோர்தான் நாட்டு அம்மானில் இறங்கி, எல்லைச் சாவடியில் நான்கு மணி நேரம் நின்றோம். பெத்லகேம் பார்த்துவிட்டு, பத்து கிலோமீட்டரில் எருசலேம். திருக்கல்லறைக் கோயிலில் வரிசை ஒன்றரை மணி நேரம். உள்ளே ஒரு நிமிடம்கூட நிற்க விடுவதில்லை. வெளியே வந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். எனக்கு வரவில்லை. கண்ணைக் கசக்கிப் பார்த்தேன், அப்போதும் வரவில்லை. குலுங்கிக் குலுங்கி அழுத ஒரு பெரம்பூர் அம்மாவைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆறாம் நாள், இயேசுவின் சீடர் பேதுரு மீன் பிடித்த கலிலேயா ஏரி. பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். மதியம் 'பேதுருவின் மீன்', 20 டாலர். தட்டில் வந்தது நம் ஊர் ஜிலேபிக் கெண்டை!

"இத்த எங்க வூட்டுப் பூனகூட மோந்து பாக்காது மொதலாளி" என்றார் அந்தோணி. சொல்லிவிட்டு, முள் மட்டும் மிஞ்சும்படி சாப்பிட்டார்.

பிறகு படகு, முக்கால் மணி நேரம். நம் தேசியக் கொடியை ஏற்றி, தேசிய கீதம் போடுகிறார்கள். பேதுரு வலை வீசியதைக் காட்டுவதற்காகப் படகுக்காரர் ஒரு வீச்சு வலையை எறிந்தார், சுருண்டு விழுந்தது. அந்தோணி சைகையில் கேட்டு வாங்கினார். மடித்தார், ஓரத்தைப் பல்லில் கடித்தார், வீசினார். வலை குடை மாதிரி விரிந்தது. படகே கைதட்டியது. இருபத்திரண்டு வருடமாக வலை விற்கிறேன், ஒரு நாளும் வீசியதில்லை. அந்தக் கைதட்டலை விழுங்க முடியாமல் நிற்கும்போதே அவர் படகோரம் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். அழுகையும் அவருக்கே!

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன்: "என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"வேண்டிக்கினேனா? வயிறு எரிஞ்சிச்சு மொதலாளி. தண்ணி இன்னா சுத்தமா கீது பாத்தியா? அடில கல்லு தெரியுது. எங்க ஆத்துல எறங்கினா முட்டி வரைக்கும் கரண்டு கம்பெனி சாம்பலு. எறாவுக்குப் போனா சேறுதான் வருது. அந்தப் பேதுருவும் மீன் புடிக்கிறவரு, நானும் மீன் புடிக்கிறவன். அவருக்கு இது, எனக்கு அதுவான்னு கேட்டேன். அழுவ வந்துட்ச்சு."



போக நினைப்பவர்களுக்கு: அங்கே நிலவரம் அடிக்கடி மாறுகிறது, விசாரிக்காமல் முன்பணம் கட்டாதீர்கள். பிப்ரவரியில் ஸ்வெட்டர் கட்டாயம். யோர்தான் ஆற்றுத் தண்ணீர் பாட்டிலைக் கைப்பையில் வைத்தால் பிடுங்கிவிடுவார்கள், பெட்டியில் போடுங்கள்.

அழைப்பிதழில் ஜே.பி. அச்சாகிவிட்டது. சகலை பார்த்தார். அடுத்து அப்போஸ்தலர் பவுல் நடந்த வழியில் துருக்கி போகிறாராம். முதல் அழைப்பிதழை முகத்துவாரக்குப்பத்துக்கு நானே கொண்டுபோனேன். அந்தோணி கரையில் வலையிலிருந்து சேற்றை உதறிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, என் பெயரைக் கடைசி எழுத்துவரை படித்தார்.

"சோக்கா கீது மொதலாளி" என்று மனதாரச் சிரித்தார்.

அவரும் அதே எருசலேம் போனவர்தான். அந்த இரண்டு எழுத்தைப் பார்த்து அவருக்குத் துளிகூடப் பொறாமை வரவில்லை.