கார்முகில் கழற்றிய நாற்காலி

மந்தாரக்குப்பம் கடைவீதியில் டி.டி.பி. கடை வைத்திருந்த கார்முகிலுக்குக் குழந்தையிலேயே போலியோவில் இரண்டு கால்களும் போய்விட்டன. கூலி வேலைக்குப் போன அம்மா வீரம்மாள் இடுப்பில் சுமந்துதான் அவளைப் படிக்க வைத்தாள். ஓர் அறக்கட்டளை மோட்டார் சக்கர நாற்காலி கொடுத்த பிறகுதான் யார் தயவும் இல்லாமல் வீட்டுக்கும் கடைக்கும் போய்வர ஆரம்பித்தாள்.

2014 வாக்கில் ஒரு சாயங்காலம், சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து பஸ்கள் வரிசையாக வரும் நேரம், நடுரோட்டில் நாற்காலி நின்றுவிட்டது. கைப்பிடியில் சிவப்பு விளக்கு மட்டும் மின்னியது. பஸ்கள் ஹாரன் அடித்தன. நாலு ஆம்பிளைகள் ஓடிவந்து, கேட்காமலேயே அவளை நாற்காலியோடு தூக்கி ஓரமாக வைத்தார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள். ஆனாலும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நாற்காலி செய்த கம்பெனிக்குப் போன் செய்தாள். "அது லாக் ஆயிருக்கும்மா. எங்க மெஷின்ல மாட்டினாத்தான் திறக்கும். ஆளு வரும்போது வருவாங்க. நீங்க கையை வைக்காதீங்க" என்றார்கள். வாரங்கள் ஓடின. ஆள் வரவில்லை. கடை பூட்டிக் கிடந்தது. கார்முகில் மறுபடி தரையில் தவழ்ந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்புளியைக் கையில் எடுத்தாள்.

"கெட்டுப் பூடப் போவுதுடி" என்றாள் வீரம்மாள்.

"இது எனக்குக் காலும்மா. என் காலைப் பாக்க நான் யாரைக் கேக்கணும்?"

உள்ளே மோட்டார், பேட்டரி எல்லாம் நன்றாகவே இருந்தன. இரண்டுக்கும் நடுவே கறுப்புப் பசை ஊற்றி மூடிய ஒரு சர்க்யூட் போர்டு. பசைக்கு வெளியே தெரிந்த சிப்களிலும் எது என்ன என்று தெரியாதபடி எண்களைச் சுரண்டியிருந்தார்கள்.

இரவல் வாங்கிய மோடத்தை வைத்து இணையத்தில் தேடியபோது, சக்கர நாற்காலியில் இருப்பவர்களே தங்களுக்காகச் செய்த ஒரு போர்டு கிடைத்தது. அதன் வரைபடம், புரோகிராம் எல்லாம் பொதுவில் இருந்தன. யாரும் எடுக்கலாம், மாற்றலாம். பாகங்களைத் தபாலில் வரவழைத்தாள். கடைக்கு வாடிக்கையாக வரும் ராஜ்மோகன், மைன்ஸில் எலக்ட்ரீஷியன், அவற்றைப் போர்டில் பற்றவைக்க வந்தார். "ஏதாவது ஆச்சுன்னா கம்பெனிக்காரன் பொறுப்பேத்துக்க மாட்டான்மா" என்று தயங்கினார்.

"இப்ப மட்டும் ஏத்துக்கினு இருக்கானாண்ணா?"

சக்கரங்கள் தரையில் படாதபடி நாற்காலியைச் செங்கல் மேல் நிறுத்தி ஓட்டிப் பார்த்தார்கள். முதலில் ஃப்யூஸ் போனது. பிறகு சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. ஒயர்களை மாற்றிக் கொடுத்து, தரையில் இறக்கி அவள் ஏறி உட்கார்ந்ததும் நாற்காலி வாசல் சரிவில் தானாக உருண்டு, வேலியில் போய் மோதியது. நெற்றியில் வீக்கத்தோடு அந்தப் போர்டைச் செய்தவர்களுக்கு எழுதினாள். மோட்டாரில் உள்ள பிரேக்கின் ஒயரைப் போர்டில் தனியாக இணைக்க வேண்டும் என்று எங்கோ தூரதேசத்திலிருந்து ஒருத்தி பதில் போட்டாள், படத்தோடு. அதைச் சரிசெய்து, எட்டும் இடத்தில் நாற்காலியை உடனே நிறுத்தும் பெரிய சிவப்புப் பொத்தானும் வைத்த பிறகே கார்முகில் ரோட்டில் இறங்கினாள்.

கம்பெனி ஆள் வேணு வந்தபோது அவள் கடையில் இருந்தாள்.

"யாருங்க இதைத் திறந்தது?"

"நாந்தான்."

"தப்புன்னு எழுதிக் கொடுத்தீங்கன்னா, மேல பேசிப் புதுசு போட்டுத் தரச் சொல்றேன். இனிமே திறக்கக் கூடாது."

"நடுரோட்டுல என்னை நிறுத்தினது உங்க பூட்டு. நான் எதுக்குங்க எழுதிக் கொடுக்கணும்? பழைய போர்டை வேணும்னா எடுத்துக்கினு போங்க."

அவர் போனதும் நாற்காலியில் தான் செய்த மாற்றங்களையெல்லாம் படத்தோடு தமிழில் எழுதி, பொதுவில் போட்டாள்.

அதைப் பார்த்துக் காடாம்புலியூரிலிருந்து செல்லக்கிளி என்ற பெண் போனில் கூப்பிட்டாள். அவள் நாற்காலியும் அதே போலப் பூட்டிக்கொண்டு நின்றிருந்தது. கார்முகிலும் ராஜ்மோகனும் போனார்கள். செல்லக்கிளிக்கு வலது கை வராது. இடது கையிலும் பலமில்லை. கம்பெனி நாற்காலியில் கைப்பிடி வலப்பக்கம்தான். அதனால் வேண்டும்போதெல்லாம் அண்ணன்தான் ஓட்டுவான். புதுப் போர்டைப் பொருத்தியதும், கார்முகில் கைப்பிடியை இடப்பக்கம் மாற்றினாள். விரல் லேசாகப் பட்டாலே நகரும்படி புரோகிராமில் எண்ணைத் திருத்தினாள்.

"மெதுவா" என்று அண்ணன் கூடவே நடந்தான்.

"நீ வூட்டுக்குப் போ" என்றாள் செல்லக்கிளி. முந்திரித் தோப்புப் பக்கம் நாற்காலியைத் திருப்பினாள். எங்கே போகிறாள் என்று அவளும் சொல்லவில்லை, கார்முகிலும் கேட்கவில்லை.