அத்தை காட்டிய வீடு

எங்கள் அத்தைக்குப் பொய் சொல்ல வராது என்று அப்பா அடிக்கடி சொல்வார். அம்மா அதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. அத்தை அப்பாவுக்கு மூத்தவள். எங்கள் குப்பத்துக்கு வடக்கே அடுத்த குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். மாமாவுக்குச் சாத்தாங்காட்டு இரும்புக் கடையில் வேலை. அந்தக் குப்பத்தின் தெற்கு ஓரத்தில் தனியாக, நீலக் கதவோடு நின்ற வீடு அவளுடையது. எங்கள் தெருவிலிருந்தே தெரியும்.

அவள் எங்கள் வாசலில் கால் வைத்தாலே சண்டைதான். "இது எங்கப்பன் கட்ன வூடு. நீ நேத்து வந்தவ" என்பாள். அம்மா பதில் பேசாமல் குழம்புச் சட்டியை ணங்கென்று இறக்குவாள். அந்தச் சத்தத்தில் எல்லாப் பதிலும் இருக்கும்.

திருவொற்றியூர்க் கரையில் சாலையைக் காப்பாற்றக் கல் கொட்டிக்கொண்டிருந்த வருடம் அது. நான் நாலாம் வகுப்பு. எங்களுக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த வீட்டு வரிசையைக் கடல் ஏற்கெனவே தின்று முடித்திருந்தது. இப்போது அலை எங்கள் பின்சுவரில் வந்து மோதிற்று. சுவரில் என் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. அடுத்த பௌர்ணமிக்கு வீடு தாங்காது என்று ஊரே சொன்னது. அம்மா சட்டி பானைகளைக் கோணியில் கட்டியே வைத்திருந்தாள்.

கல் லாரிகளோ எங்களைத் தாண்டித் தாண்டிப் போயின. ஒரு காலையில், ஆண்கள் எல்லாரும் கடலுக்குள் இருந்த நேரம், பெண்கள் சாலையின் குறுக்கே உட்கார்ந்துவிட்டார்கள். முன்னால் அம்மா, அவள் மடியில் நான். முதல் லாரிக்காரன் இறங்கவில்லை. இஞ்சினை உறுமவிட்டு அங்குலம் அங்குலமாக முன்னே வந்தான். சக்கரம் என் தலையைவிட உயரமாக எதிரே நின்றது. எனக்கு மூத்திரமே வந்துவிட்டது, உண்மையைச் சொல்கிறேன்.

அப்போதுதான் வடக்கிலிருந்து அத்தை ஓடிவந்தாள். கொண்டை அவிழ்ந்து தொங்க, மூச்சு வாங்க, நேராகச் சக்கரத்தடியில் போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். "ஏத்துடா பாக்கலாம்! இன்னா, தில்லு கீதா?" லாரிக்காரன் இஞ்சினை அணைத்தான். அம்மா அவளை வாய் பிளந்து பார்த்தாள். இருவரும் பேசியே ஒரு மாதம் ஆகியிருந்தது.

ஜீப்பில் போலீஸ் வந்தது. கூடவே ஒரு இஞ்சினியர், மீசைகூடச் சரியாக முளைக்காத பையன். போலீஸ்காரர் லத்தியைத் தட்ட, அவரைத் தடுத்துவிட்டு இஞ்சினியர் எங்கள் முன்னால் குந்தினார்.

"அம்மா, இங்க மட்டும் கல்லு கொட்டினா உங்க வீடு நிக்கும். ஆனா இந்தக் கரையில மணல் தெற்கேருந்து வடக்கே போகுது. இங்க தடுத்தா வடக்குப் பக்கம் மணல் போகாது. வர்ற மழையிலயே கடல் அங்க அரிச்சிடும். மொத்தக் கரைக்கும் சேர்த்து திட்டம் போட்டிருக்கோம். மழை முடியட்டும், பொறுங்க."

"கடலு இன்னா பஸ்ஸா சார், ரூட் மாறி அந்தாண்ட போறதுக்கு?" என்றாள் அத்தை. பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. "துறைமுகத்துல சுவர் கட்டினப்புறம்தானேம்மா உங்க மணலே போச்சு?" என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. அது குப்பத்தில் எல்லாரும் கேட்டு வளர்ந்த கதை.

இஞ்சினியர் அத்தையிடம் திரும்பிக் கேட்டார்: "உங்க வீடு எதும்மா?"

அத்தை கண்ணை இடுக்கி வடக்கே பார்த்தாள். நீலக் கதவு தெரிந்தது. கொடியில் அவள் புடவை ஆடுவதும் தெரிந்தது. பிறகு திரும்பி எங்கள் வீட்டைக் காட்டினாள்.

"இதான் சார். எங்கப்பன் கட்ன வூடு."

எனக்கு வந்ததே கோபம்! "சார், அத்தை வூடு அங்க..." என்று ஆரம்பித்தேன். அம்மாவின் உள்ளங்கை என் வாயை அடைத்தது. மீன் வாடை அடித்தது, மணல் பல்லில் நறநறத்தது. வலித்தது. சமயம் பார்த்து, போலீஸ் முன்னிலையிலேயே எங்கள் வீட்டைத் தன் பேருக்கு ஆக்கிக்கொள்கிறாள், அம்மா பேசாமல் இருக்கிறாளே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

இஞ்சினியர் எழுந்தார். வெடித்த எங்கள் சுவரைப் போய்ப் பார்த்தார். வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தார். கடைசியில் லாரிக்காரனுக்குக் கையைக் காட்டினார். கற்கள் சரிந்த சத்தத்தில் தரை அதிர்ந்தது. பெண்கள் குலவையிட்டார்கள்.

அன்று மத்தியானம் அம்மா அத்தைக்குச் சோறு போட்டாள். போடும்போதே அழுதாள். சந்தோஷம்தான் என்று நினைத்தேன். "இன்னாமே, கொழம்புல உப்பே இல்ல, அதான் அழுது சேக்கறியா?" என்றாள் அத்தை. கரை திரும்பிய அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். மீன் படவில்லை போலிருக்கிறது என்று நான் முடிவுகட்டினேன்.

அந்த மழையில் பௌர்ணமி வந்தது, போயிற்று. எங்கள் வீடு நின்றது. ஐப்பசி முடிவதற்குள் அத்தை வீட்டின் பின்சுவர் விழுந்தது. பிறகு கூரை. நீலக் கதவு இரண்டு நாள் அலையில் மிதந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கமும் கல் வந்தது. மற்ற வீடுகள் தப்பின. அம்மா மழையில் நனைந்துகொண்டே போய் அத்தையின் பாத்திரங்களைத் தலையில் சுமந்துவந்து எங்கள் முன்னறையில் அடுக்கினாள்.

அதன்பிறகு அத்தை ஒருநாளும் 'எங்கப்பன் வூடு' என்று சொல்லவில்லை. அம்மாதான் வருகிறவர்களிடமெல்லாம், "இது எங்க அண்ணி வூடு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் அத்தை வீட்டைப் பிடித்தேவிட்டாள், கெட்டிக்காரி என்று நான் பள்ளிக்கூடத்தில் கதை அளந்தேன்.

அன்று சாலையில் அவள் வடக்கே பார்த்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது. வெயில் கூசுகிறது, அதனால்தான் கண்ணை இடுக்குகிறாள் என்று நினைத்தேன்.