துலுக்காணம் கப்பலேற்றிய பெங்களூரா

சித்தூர்ப் பக்கம் பாலசமுத்திரத்தில் ஒரு முழம் மண்கூடச் சொந்தமில்லாத வீட்டில் பிறந்து, துபாய் சேட்டுக்கே சட்டம் பேசிய ஆள் ஒருவன் உண்டென்றால் அது துலுக்காணம்தான். வேறு யாரையாவது சொல்கிறவர்கள் தாராளமாக வந்து காட்டட்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவனை விட்டது, அவனும் பள்ளிக்கூடத்தை விட்டான். ஆனால் இன்றைக்குப் புத்தலப்பட்டு ரோட்டில் அவன் தொழிற்சாலைச் சங்கு ஊதினால், அக்கம்பக்கத்தில் கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொள்கிறார்கள். சும்மா வருமா அது?

அவன் நைனா முனியன் அடுத்தவர் தோப்பில் மாங்காய் அறுத்துக் கூலி வாங்கியவர். அறுத்த காய்க்கு எடைக் கணக்கில் கூலி. எடை போடுவதோ தோப்பில் இல்லை, சித்தூர் மண்டியில், வியாபாரியின் தராசில். தோப்பிலிருந்து மலையாகப் போகும் காய், மண்டிக்குள் நுழைந்ததும் மடுவாகிவிடும். கேட்டால், "வழியில் காய் வாடிடுச்சு" என்பார்கள். மாங்காய் என்ன கீரையா, வாடுவதற்கு? ஒருநாள் வெறும் மடியோடு திரும்பி வரும்போது முனியன் மகனிடம் சொன்னார்:

"டேய், எட போடற எடம் எவனுதுன்னு மொதல்ல பாரு. எடம் எவனுதோ, ஞாயமும் அவனுது."

அந்த ஒரு வார்த்தைதான் துலுக்காணத்துக்கு அப்பன் விட்டுப்போன சொத்து. பத்து ஏக்கர் விட்டிருந்தால்கூட அந்த அளவுக்கு விளைந்திருக்காது.

வாலிபத்தில் துபாய்க்குப் போனான். கிஷன்தாஸ் சேட்டு என்பவரின் கிடங்கில் டின் தூக்கும் வேலை. ஒருநாள் அடிபட்டு நசுங்கிய டின் ஒன்றை ஆட்கள் உடைத்து, ஆளுக்கொரு வாய் ஊற்றிக்கொண்டார்கள். மாம்பழக் கூழ். நாக்கில் பட்டதும் துலுக்காணம் எகிறிக் குதித்தான். "டேய், இது எங்க ஊரு பெங்களூராடா!"

பெங்களூரா என்றால் மூக்கு நீண்ட மாம்பழம். தமிழ்நாட்டில் கிளிமூக்கு என்பார்கள். வடக்கே தோதாபுரி. சித்தூர்ச் சீமையில் குழந்தை பேசத் தொடங்குவதே பெங்களூரா என்றுதான். பக்கத்தில் நின்ற சேட்டு அவன் குதிப்பைப் பார்த்துச் சிரித்தார். அவர் இந்தியில் சொன்னதை நம் பேச்சில் சொன்னால் இதுதான்:

"அரே துலுக்கா, நீ டின்ன தூக்கு. ஊர தூக்காத."

எல்லாரும் சிரித்தார்கள். துலுக்காணமும் சிரித்தான். ஆனால் அந்தச் சொல் முள்ளாக உள்ளே போய்த் தங்கிவிட்டது.

தொண்ணூற்றொன்றுக்குப் பிறகு நாட்டின் கதவு திறந்தது. பெரிய கம்பெனிக்காரர்கள் மட்டுமே புழங்கிய ஏற்றுமதி வாசலில் சின்ன ஆளும் தலையை நீட்டலாம் என்று ஆயிற்று. துலுக்காணம் ஊர் திரும்பி, புத்தலப்பட்டு ரோட்டில் மூடிக் கிடந்த கூழ்த் தொழிற்சாலை ஒன்றை வாடகைக்கு எடுத்தான். பாலசமுத்திரத்துத் தோப்புக்காரர்கள் வாய்ச்சொல்லை நம்பிப் பழம் கொடுத்தார்கள். முன்பணம் கேட்கவில்லை. "முனியன் மகன்தானே, ஓடிடவா போறான்" என்றார்கள். மூன்று வருஷம் உள்ளூர்க் கம்பெனிகளுக்குக் கூழ் போட்டுக் கை பழகினான். நான்காம் வருஷம் நேரே துபாய்க்குப் போன் போட்டான். யாருக்கு? அதே கிஷன்தாஸ் சேட்டுக்கு!

சேட்டும் ஒரு கன்டெய்னர் கேட்டார். எல்.சி. போடுவதாகச் சொன்னார். எல்.சி. என்றால் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. சேட்டு நம்மை நம்ப வேண்டாம், நாம் சேட்டை நம்ப வேண்டாம். சேட்டின் பேங்க் நடுவில் நின்று எழுதிக் கொடுக்கும்: இன்ன இன்ன காகிதத்தை இன்ன தேதிக்குள் நான் சொன்ன மாதிரியே எழுதிக் கொண்டுவந்து காட்டினால், பணம் நான் தருகிறேன். அந்தப் பேங்க் பழத்தை முகர்ந்து பார்க்காது, டின்னைத் தட்டிப் பார்க்காது. காகிதம் ஒன்றுதான் அதற்குப் பழம்.

விலை, கப்பல், தேதி எல்லாம் சேட்டு சொன்னபடி. ஒரே ஒரு இடத்தில் மட்டும் துலுக்காணம் முரண்டு பிடித்தான். காகிதம் காட்டும் கெடு துபாயில் முடியட்டும் என்றார் சேட்டு.

"வேணாம் சேட்டு. அது திருப்பதியில முடியட்டும். எங்க பேங்க்ல."

"ஏன், பெருமாள் மேல அவ்ளோ பக்தியா?"

"ஆமா சேட்டு, பக்திதான். எழுதிடுங்க."

சேட்டு சிரித்துக்கொண்டே எழுதிவிட்டார். எடை போடுகிற இடத்தைத் தன் ஊருக்குக் கொண்டுவந்துவிட்டான் முனியன் மகன். அது சேட்டுக்குத் தெரியவில்லை. அது எவ்வளவு பெரிய காரியம் என்று துலுக்காணத்துக்கே அன்று முழுதாகத் தெரியாது.

கூழ் கொதித்தது, டின் அடைத்தது, சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் ஏறியது. பில் அடிக்கச் சித்தூரில் டைப்பிங் கடைக்குப் போனான். டைப் அடிக்கிறவர் எல்.சி.யைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "அண்ணா, இதுல தோதாபுரின்னு போட்டுக்கீதே?"

"தோதாபுரியா? அது இன்னா பேரு? நம்ம பழத்துக்குப் பேரு பெங்களூரா. அதையே அடி. உலகம் தெரிஞ்சிக்கட்டும்."

அடித்தார். திருப்பதி பேங்கில் காகிதம் வாங்கிய ஸ்ரீஹரிக்கும் வீட்டில் மாந்தோப்பு. பெங்களூரா என்று படித்தார், சரியாகத்தானே இருக்கிறது என்று துபாய்க்கு அனுப்பிவிட்டார். வேறு சீமை ஆளாக இருந்திருந்தால் அங்கேயே தப்பைப் பிடித்திருப்பார்.

துபாய் பேங்க் பிடித்தது. சேட்டிடமிருந்து தொழிற்சாலைக்குப் போன் வந்தது.

"அரே துலுக்கா, நான் கேட்டது தோதாபுரி. நீ அனுப்பினது ஏதோ பெங்களூராவாம். அது இன்னா காயோ, கெழங்கோ! பேங்க் பணம் தராது. நான் சரின்னு கையெழுத்துப் போட்டாத்தான் தரும். வெலையில நாலுல ஒரு பங்கு கொற, போடறேன்."

"சேட்டு, ரெண்டும் ஒண்ணுதான்னு உங்களுக்குத் தெரியாதா? உங்க கிடங்குல நானே தூக்கிக்கீறேன்!"

"காகிதத்துக்குத் தெரியலியேப்பா. கொறைக்க மாட்டேன்னா டின்னு துறைமுகத்துல வெயில் காயட்டும். உனக்கு இங்க பழைய வேலை காலியாத்தான் இருக்கு. தூக்க ஆள் பத்தல."

விஷயம் இதுதான்: அந்த மாதம் ஊர்ப்பட்ட பேர் கூழ் அனுப்பி, துபாயில் விலை சரிந்திருந்தது. சேட்டுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. துலுக்காணமே டைப் அடித்து அதைக் கொடுத்திருந்தான்.

நாலில் ஒரு பங்கு போனால் தோப்புக்காரர்களுக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. வாய்ச்சொல் போனால் அடுத்த வருஷம் ஒரு காய் தேறாது. தொழிற்சாலை சொந்தக்காரனிடம் திரும்பிப் போகும். துலுக்காணம் அதே கிடங்குக்கு, அதே டின்னுக்குத் திரும்பிப் போக வேண்டும்.

வீட்டில் மனைவி சந்திரம்மாவும் அவள் தம்பி ஏழுமலையும் இருந்தார்கள். ஏழுமலை துள்ளினான்.

"மாமா, சேட்ட காணிப்பாக்கத்துக்கு இட்டாந்துடலாம். கொளத்துல முழுக வெச்சி, புள்ளையார் முன்னால நிக்க வெச்சி, ரெண்டும் வேற வேற பழம்னு சத்தியம் பண்ணச் சொல்லு. பண்ணிடுவானா?"

சித்தூர்க்காரனுக்குக் காணிப்பாக்கத்தை விடப் பெரிய கோர்ட்டு கிடையாது. அங்கே பொய்ச் சத்தியம் செய்ய யாருக்கும் துணிச்சல் வராது. ஆனால் சந்திரம்மா விட்டாளா?

"சேட்டு வர்றதுக்கு ஏரோப்ளேன் சார்ஜ் யாரு குடுக்கறது, நம்ம நைனாவா? போடா, துன்னுட்டுப் படு. இந்தாய்யா, நீ இன்னா முடிவு பண்ண?"

"கொறைக்கிறதா இல்ல" என்றான் துலுக்காணம். "அவன் சட்டம் பேசறான். அந்தச் சட்டம் இன்னான்னு கேட்டுக்கினு வரேன்."

"நானும் வரேன். தனியா போனா கோவத்துல பேசிட்டு வருவ."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் இருவரும் திருப்பதிக்குப் போனார்கள். வெளிநாட்டுக் காகிதங்களைப் பார்க்கிற அதிகாரி சிவசங்கரி அன்றுதான் லீவு முடிந்து வந்திருந்தார். நகரிப் பக்கத்துத் தமிழ்ப் பெண்.

"மேடம், ரெண்டும் ஒரே பழம். ஊர்ல யாரை வேணா கேளுங்க."

"எனக்கே தெரியும். எங்க வீட்டுக் கொல்லையில நிக்குது. ஆனா துபாய் பேங்க் மரத்தைப் பார்க்காது. எல்.சி.யில என்ன பேரோ அதே பேரு பில்லுல இருக்கணும். அவங்க திருப்பி அனுப்பினது சட்டப்படி சரி."

துலுக்காணம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"சரி மேடம். அந்தச் சட்டம் சேட்டுக்கு மட்டும்தானா? அதுல எனக்குன்னு ஒரு வரியும் இல்லியா?"

சிவசங்கரி அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எல்.சி.யை எடுத்து மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"கெடு இன்னிக்கு வரைக்கும் இருக்கு. கெடுவுக்குள்ள சரியான பில்லைத் திரும்பக் கொடுக்கலாம். அது உங்க உரிமை. மத்த காகிதத்துல எல்லாம் மாம்பழக் கூழுன்னுதான் இருக்கு, அது போதும். பில்லு ஒண்ணுதான் தப்பு."

"இன்னிக்குள்ள துபாய்க்கு எப்படி மேடம் போய்ச் சேரும்?"

"துபாய்க்கு எதுக்கு? கெடு முடியற ஊர் திருப்பதின்னு போட்டிருக்கே! இங்க என் கையில கொடுத்தா கொடுத்த மாதிரிதான். இதை யார் கேட்டு எழுத வெச்சது?"

"நான்தான் மேடம். எங்க நைனா சொன்னது."

"உங்க நைனா வக்கீலா?"

"இல்ல மேடம், மாங்கா அறுக்கறவரு."

கோவிந்தராஜர் கோபுரத்துப் பக்கம் ஒரு டைப்பிங் கடை. பெயர் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் துலுக்காணத்துக்கு நாக்கு எழவில்லை. சந்திரம்மா முழங்கையால் இடித்தாள்.

"இன்னா முழிக்கிற? ஒரு நாளைக்கு மாத்துப் பேரு வெச்சா பழம் கோச்சிக்கினு போயிடாது. சொல்லு."

"தோ... தா... புரி" என்றான், கசப்பு மருந்தை விழுங்குகிறவன் போல.

கையெழுத்துப் போட்டான். கம்பெனி ரப்பர் ஸ்டாம்பு? அதை வெற்றிலைப் பாக்கோடு சுருக்குப் பையில் முடிந்து எங்கே போனாலும் கொண்டுபோகிறவள் சந்திரம்மா. எடுத்து ஊதி, நச்சென்று வைத்தாள். பில்லின் ஓரத்தில் கொஞ்சம் சுண்ணாம்பும் ஒட்டியது. பேங்கில் ஸ்ரீஹரியே ஓடிவந்து வாங்கி, தேதி முத்திரை குத்தினார்.

"எங்க தோட்டத்துல இத்தனை மரம் இருக்கு மேடம். ஒரு மரத்துலயும் தோதாபுரின்னு எழுதியில்லியே" என்று சமாதானம் சொன்னார்.

"நல்ல வேளை, துபாய் பேங்க் உங்க தோட்டத்துக்கு வரல" என்றார் சிவசங்கரி.

துலுக்காணம் எதிரே இருந்த டெலிபோன் பூத்துக்குள் நுழைந்தான். சந்திரம்மா கதவைப் பிடித்துக்கொண்டு மீட்டரைப் பார்த்து நின்றாள்.

"சேட்டு, புது பில்லு குடுத்தாச்சு. தோதாபுரின்னே போட்டுக்கீது."

"குடுத்தா? நான் சரக்கை எடுக்கலன்னா என்ன பண்ணுவ?"

"எடுக்காதீங்க சேட்டு. உங்கள யாரும் கேக்கல. காயிதம் சரியாக்கீது, உங்க பேங்க் எனக்குப் பணம் குடுத்துத்தான் ஆவணும். அப்பறம் அது உங்ககிட்ட வாங்கிக்கும். அது உங்களுக்கும் உங்க பேங்க்குக்கும் உள்ள பேச்சு."

சேட்டு குரலைத் தணித்தார்.

"துலுக்கா, பத்துல ஒரு பங்கு கொறச்சாக்கூடப் போதும்..."

"இனிமே நீங்க டின்ன தூக்குங்க சேட்டு. ஊர நான் தூக்கிக்கிறேன்."

போனை வைத்துவிட்டான். சந்திரம்மா சொன்னாள்: "மீட்டரு நூறைத் தாண்டிடுச்சு. ஆனா பரவால்ல, நல்லா பேசின."

பணம் வரச் சில நாள் ஆயிற்று. பழம் கொடுத்தவர்கள் முகத்தைப் பார்க்கவே கூசியது. பிறகு ஒரு மத்தியானம் சிவசங்கரியே தொழிற்சாலைக்குப் போன் போட்டார். துபாய் பேங்க் ஒரு பைசா குறையாமல் பணம் அனுப்பிவிட்டது. பழத்தைப் பார்க்காத சட்டம், சேட்டின் முகத்தையும் பார்க்கவில்லை. துலுக்காணம் அன்றைக்குச் சங்கை நேரங்காலமில்லாமல் ஊத விட்டான். பயந்துபோய் ரோட்டில் இரண்டு லாரிகள் நின்றன. அந்த வாரத்துக்குள் பாலசமுத்திரத்தில் பழம் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய்க் கொடுத்தான். வாங்கிக்கொண்டு, "ஓடிடலியே!" என்று சிரித்தவர்களோடு சேர்ந்து அவனும் சிரித்தான்.

அடுத்த ஆனி மாதம். கிஷன்தாஸ் சேட்டு சென்னையில் இறங்கி, கார் பிடித்துப் புத்தலப்பட்டுக்கே வந்துவிட்டார். வியாபாரி வியாபாரிதான். சரக்கு நயம், ஆள் ஏமாறாதவன் என்று தெரிந்தால் தேடி வருவான். கேட்டுக்குள் நுழையும்போதே, "துலுக்காணம் பாய்!" என்று சகோதர முறை சொல்லிக் கையை விரித்தார். மூன்று கன்டெய்னர் வேண்டும் என்றார்.

"தரேன் சேட்டு. கெடு திருப்பதியிலதான். இன்னொண்ணும் இருக்கு. இந்த தடவ எல்.சி.யில எங்க பழத்தோட பேரையும் எழுதணும். தோதாபுரின்னு போடுங்க, வேணாங்கல. பக்கத்துலயே பெங்களூரான்னும் போடணும்."

"ஒரே பழத்துக்கு எதுக்கு ரெண்டு பேர்?"

"போன வருசம் ரெண்டு பழம்னீங்களே சேட்டு!"

ஏழுமலை சிரித்த சிரிப்பில் கொதிகலன் சத்தமே கேட்கவில்லை. சேட்டு காகிதத்தை எடுத்து எழுதத் தொடங்கினார். எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார்: "பங்... லோரா."

டீயோடு வந்த சந்திரம்மா தட்டைக் கீழே வைக்கவில்லை.

"பங்லோரா இல்ல சேட்டு. பெங்களூரா. 'ளூ'வுக்கு நாக்க நல்லா மடிச்சிச் சொல்லு."

"பெங்... களூரா."

"ஆங், இப்ப டீ குடி" என்றாள்.

அந்த மாதமே துபாய் பேங்கிலிருந்து எல்.சி. வந்தது. சிவசங்கரி வாசித்துக் காட்டினார். துலுக்காணம் அந்த ஒரு வார்த்தையை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான்.