மீனின் மேல் வெள்ளைக் கை

நாவல்தாங்கல் ஏரியில் செத்து மிதந்த மீன்களின் விலாவில் ஒரு கை இருந்தது. பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல வெள்ளையாக, இறுகப் பிடித்த கை. ஊதிப்போன உடம்பில் விரல்கள் எத்தனை என்று எண்ண முடியவில்லை. ஆனால் கை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கரையில் கூடியவர்கள் உடனே பெயரும் வைத்துவிட்டார்கள். சுடலைக்கண்ணு. தெற்கேயிருந்து ஒரகடத்துக் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவன். போன கோடையில் இங்கே குளிக்க இறங்கியவன், ஏறவில்லை.

"அவந்தான் ஒண்ணொண்ணா புடிச்சி இழுக்கிறான்," என்றார் மீனவர் சங்கத் தலைவர் உதயசூரியன். "நீ ஏரில படகு வுட்டுக்கினு அவன் தூக்கத்தக் கெடுத்தா சும்மா இருப்பானா, டில்லி?"

சுடலைக்கண்ணுவைத் தண்ணீரிலிருந்து தூக்கியவன் டில்லிபாபுதான். பிணத்தின் கை தன் மணிக்கட்டில் உரசிக்கொண்டு வந்தது அவனுக்கு இன்னும் மறக்கவில்லை.

ஒரு கம்பெனியின் பிரஸ் மெஷின் அவன் வலது ஆள்காட்டி விரலை எடுத்துக்கொண்டது. அதற்குக் கிடைத்த பணத்தில் இரண்டு ஃபைபர் படகு வாங்கினான். ஞாயிற்றுக்கிழமையானால் ஷிப்ட் இல்லாத பையன்கள் தூண்டிலோடு படப்பையிலிருந்தும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்தும் வருவார்கள். ஏரி மீன் சங்கத்துக்குச் சொந்தம். அதனால் பிடிக்கலாம், செல்ஃபி எடுக்கலாம், திரும்ப விட்டுவிட வேண்டும். அந்தப் பேச்சின் மேல்தான் படகு ஓடியது.

பையன்கள் மீனைக் கல்லெறிவதுபோல எறிந்தார்கள். டில்லிபாபுவுக்கு அது பொறுக்கவில்லை. எந்தப் படகில் மீன் மாட்டினாலும் அவனே போய் வாங்கி, இரண்டு கையாலும் தண்ணீருக்குள் பிடித்து, செவுள் ஒழுங்காக அடித்துக்கொள்ளும் வரை காத்திருந்து விடுவான். விரல் குறைந்த கையிலிருந்து மீன் வழுக்கும். அதற்காக ரப்பர் புள்ளி வைத்த கம்பெனித் துணி கிளவுஸ் போட்டுக்கொள்வான். வலது கிளவுஸில் ஆளில்லாத விரலை அவன் மனைவி பெருந்தேவி மடித்துத் தைத்துக் கொடுத்திருந்தாள்.

இப்போது சங்கம் நிபந்தனை வைத்துவிட்டது. விட்ட மீன் பிழைக்கிறது என்று காட்டினால் படகு ஓடும். இல்லையென்றால் இரண்டையும் கரையேற்றி விற்றுவிட வேண்டியதுதான்.

அந்தச் சமயத்தில்தான் மீன்வளக் கல்லூரியிலிருந்து மோகனப்ரியா வந்தாள். தூண்டிலில் பிடித்துத் திரும்ப விட்ட மீன் எத்தனை பிழைக்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அதற்கு நிஜமாகவே தூண்டில்காரர்கள் ஏறும் படகு வேண்டும். இரண்டையும் வாடகைக்குப் பேசினாள். வழக்கமான பையன்களையே ஏற்றிக்கொண்டாள்.

"எப்பவும் எப்படி விடுவீங்களோ அப்படியே விடுங்கண்ணா. ஆத்துக்குள்ள இல்ல, வலைக்கூண்டுக்குள்ள. அவ்ளோதான்."

"ஆறு இல்லம்மா, ஏரி."

"சரி, ஏரி," என்று சிரித்தாள்.

அவன் விட்டவை ஒரு கூண்டில். அவள் கையை நனைத்துக்கொண்டு வெறுங்கையால் விட்டவை இன்னொன்றில். கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் கூண்டுகள் நின்றன. எல்லா மீனும் வாலடித்து உள்ளே போயின.

"பாத்தியாம்மா? ஒண்ணு கூட சாவல."

"இப்போ சொல்ல முடியாதுண்ணா. கொஞ்ச நாள் போகட்டும்."

ஆஸ்பத்திரியிலிருந்து தன் காலால் நடந்து வீடு போகிறவர்கள் எல்லோரும் தேறிவிடுவதில்லை. உடம்பின் கணக்கு பிறகுதான் தெரியும். மீனுக்கும் அதே கதைதான்.

மோகனப்ரியா திரும்பி வரவேண்டிய நாளில் டில்லிபாபு முன்னதாகவே ஏரிக்குப் போனான். சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஏரியில் காற்று இல்லை. வெறுங்கையால் விட்ட மீன்கள் ஆளைக் கண்டதும் சிதறி ஓடின. அவனுடைய கூண்டில் ஒன்றும் ஓடவில்லை. பாதி, வயிறு மேலாக மிதந்தன. மிச்சம் மேல்மட்டத்தில் அசையாமல், எல்லாம் அவனைப் பார்த்தபடி நின்றன.

ஒவ்வொன்றின் மேலும் அந்தக் கை.

உயிரோடிருந்த ஒரு ரோகுவைக் குனிந்து பார்த்தான். செவுளை ஒட்டிக் கட்டைவிரல் படிந்திருந்தது. செவுள் திறக்கும்போது வெள்ளைக் கை விரிந்தது, மூடும்போது சுருங்கியது. மீன் மூச்சு விடுகிறதா, கை அதைப் பிசைகிறதா என்று தெரியவில்லை. புதிதாகப் படர்ந்த வெள்ளை, ஓரம் கலையவில்லை. கட்டைவிரல், ஒரு சின்னக் குமிழ், பிறகு மூன்று விரல்.

தன் கையைத் தண்ணீருக்கு மேலே நீட்டினான். அளவு சரியாக இருந்தது.

பிறகு கத்தியை எடுத்துக் கூண்டுக் கயிற்றில் வைத்தான். வலை விழுந்தால் மீன் போய்விடும். முதலை கடித்ததோ, ஆமை கிழித்ததோ என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். பழி சுடலைக்கண்ணுமேலேயே இருக்கும்.

"இந்த ஏரில ஏதுய்யா மொதல?"

பெருந்தேவி சோற்றுத் தூக்கோடு கரையில் நின்றாள். வாய்விட்டுப் பேசியது அவனுக்கே தெரியவில்லை. தூக்கை வைத்துவிட்டுப் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். மீனைப் பார்த்தாள். அந்தக் குமிழை விரலால் காட்டினாள்.

"இது நான் தெச்ச முடிச்சு."

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினு கத்திய வெச்சிக்கினு நிக்கிற. செத்துப்போன புள்ள வாயத் தொறந்து இல்லன்னு சொல்ல மாட்டான்ல, அந்தத் தைரியம்."

அவன் கத்தியை மடக்கினான்.

மோகனப்ரியா வந்ததும் கிளவுஸை வாங்கிப் பார்த்தாள். "மீனோட வழவழப்புதாண்ணா அதுக்குக் காவல். துணி பட்டா வழிச்சிக்கும். அந்த எடத்துல பூஞ்சை புடிச்சிக்கும். எவ்ளோ நேரம் புடிச்சிருப்பீங்க?"

"நல்லா மூச்சு வர்ற வரைக்கும்."



அன்று சாயங்காலம் சங்கத்துக்காரர்கள் முன்னால் அந்த ரோகுவைத் தட்டில் வைத்தார்கள். டில்லிபாபு வெள்ளையின் மேல் தன் கையை வைத்தான். மூன்று விரலும் கட்டைவிரலும் பொருந்தின. பக்கத்திலிருந்தவர்கள் நாற்காலியை நகர்த்திக்கொண்டார்கள். சுடலைக்கண்ணு பெயரை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

இன்னொரு கூண்டில் மீன் உயிரோடிருந்ததால் உதயசூரியன் இறங்கி வந்தார். "படகு ஓடட்டும். மீன நனைஞ்ச வலைல வாங்கி அவங்களே வுடட்டும். நீ மட்டும் தொடாத. கிளவுஸ் போட்டும் வேணாம், போடாமலும் வேணாம். சனம் பாத்துக்கினு இருக்கும்."

அடுத்த ஞாயிறு நடு ஏரியில் பெரிய மீன் ஒன்று தூண்டிலிலிருந்து நழுவிப் படகுக்குள் விழுந்து துள்ளியது. வலை மறுமுனையில் சிக்கிக் கிடந்தது.

"அண்ணே, புடிங்கண்ணே! செத்துரப் போகுது!"

டில்லிபாபு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டான்.

"வலைய நனைச்சி எட்த்துனு வா," என்றான். "மெதுவா வா. நான் தொட மாட்டேன்."