மரியாதைக்கு ஒரு போன்

அண்ணே, நான் உன் வீட்டில் இருப்பதை என் புருஷனுக்குச் சொன்னது நீதான். வேறு யாருமில்லை.

சேத்தியாத்தோப்பில் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து விருத்தாசலம் வந்தேன். அவன் முறுக்கிய இடது கை முழங்கை வரை வீங்கியிருந்தது. "அவருகிட்ட மட்டும் சொல்லிடாத" என்றேன். தலையை ஆட்டினாய். நான் குளித்துவிட்டு வருவதற்குள் போனை எடுத்துவிட்டாய்.

"மாப்ள, தங்கச்சி இங்கதான் இருக்குது. நீங்க தேடிக்கிட்டு அலையாதீங்க."

ஏன் என்று கேட்டேன். "கட்டினவருக்குத் தகவல் சொல்லலன்னா மரியாத இல்லம்மா. நாளைக்கு நம்மள என்ன நெனப்பாங்க?" என்றாய். அண்ணியைக் கறி எடுக்க அனுப்பினாய். என் கையை முறுக்கியவனுக்கு விருந்து. பெண் தாய்வீடு வந்தால் மாப்பிள்ளைக்குச் சொல்லியாக வேண்டும் என்பது நம் வீட்டு முறை. ஏன் வந்தாள் என்று கேட்கும் முறைதான் இல்லை.

வாசலில் பைக் நின்றதும் பின்பக்கமாக ஓடினேன். காலில் செருப்பு இல்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு செராமிக் கம்பெனிக்குள் நுழைந்தேன். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, சுடாத களிமண் கப்புகளை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அக்கா என் கையைப் பார்த்தாள். ஒரு ஸ்பாஞ்சைக் கொடுத்தாள்.

"தலையில துண்டக் கட்டிக்கிட்டு குனிஞ்சு தொட. கப்ப ஒடச்சிடாத, அதுக்கு வேற எங்கிட்டதான் கத்துவாங்க."

கொஞ்ச நேரத்தில் நீங்கள் இருவரும் கேட்டில் வந்து நின்றீர்கள். அக்கா எழுந்து போனாள். "இங்க வேல செய்யறவங்க மட்டுந்தான் இருக்காங்க. மொதலாளி இல்லாம யாரும் உள்ள வரக்கூடாதுங்க."

உன் குரல் கேட்டது. "வாங்க மாப்ள, கறி ஆறிடும். சாப்ட்டுட்டுத் தேடலாம்."

பிறகு அந்த அக்காவே சொல்லி, ஊரின் அந்தப் பக்கம் வேறொரு கம்பெனியில் சேர்ந்தேன். ஒற்றை அறை. பகலிலும் தாழ்ப்பாள் போட்டுத்தான் சமைக்கிறேன். அரை டம்ளர் அரிசி எனக்கு இரண்டு வேளைக்கு வருகிறது. கிறிஸ்துமஸுக்கு யாரும் வரவில்லை. எங்கே இருக்கிறேன் என்று யாருக்கும் சொல்லவில்லை, எப்படி வருவார்கள்? சொன்னால் உன் காதுக்கு வரும். நீ போனை எடுப்பாய்.

போன ஞாயிறு மாதா கோயில் பூசையில் கடைசி வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தேன். மைக்கில் மன்றாட்டு வாசித்தது நீ. அடைக்கலம் தேடி அலைவோருக்காக வேண்டினாய். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லாரும் பதில் சொன்னார்கள். நான் முக்காட்டை இன்னும் கீழே இழுத்துவிட்டேன்.

வரும் ஞாயிறும் நீ மைக் முன்னால் நிற்பாய். உன் தங்கை அடைக்கலம் கேட்டு வந்த அன்று யாருக்கு, எதற்காகப் போன் செய்தாய்? கோயில் முழுக்கக் கேட்கும்படி பதில் சொல்.