இடது பக்கத்துக் குழாய்

வீட்டு ஓனர் எங்கள் தலைக்கு மேலே மாடியில் குடியிருந்தார். நானும் கணவரும் வேலைக்குப் போன பிறகு எங்கள் நாய் நடத்தும் கச்சேரி முழுக்க அவருக்குத்தான். ஒருநாள் படியிறங்கி வந்து சொல்லிவிட்டார். "அம்மணி, ஒண்ணு நாய் வாய மூடோணும், இல்லாட்டி நீங்க வேற ஊடு பாக்கோணும்."

எங்கள் மலையில், கட்டபெட்டுப் பக்கம், நாயை அவிழ்த்துவிட்டு வளர்க்க முடியாது. பொழுது சாய்ந்தால் சிறுத்தை தூக்கிக்கொண்டு போய்விடும். அடைத்து வைத்தாலோ குரைக்கும். ஓடிக் களைத்த நாய் தூங்கும் என்றார் கால்நடை மருத்துவர். நடந்தே அதைக் களைக்க வைப்பதென்றால் முதலில் நான்தான் விழுவேன். அதனால் சைக்கிள்.

என் கணவர் மேட்டுப்பாளையத்துக்காரர். எந்தப் பிரச்சினையையும் வெல்டிங் பட்டறையில் தீர்த்துவிடலாம் என்று நம்புகிறவர். நாய் சக்கரத்துக்குள் வந்துவிடாமல் இருக்க, சைக்கிளின் பின்னால் இடது பக்கம் ஓர் இரும்புக் குழாயை நீட்டி வைத்துப் பற்றவைத்தார். அதன் நுனியில் ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்கில் நாய்ச்சங்கிலி. கையால் பிடிக்கவே வேண்டாமாம்.

"வண்டியெல்லாம் வலது பக்கந்தானே போகுது? நாய் இடது பக்கம் இருந்தாத்தான் பத்திரம்," என்றார்.

"இது மலைங்க. நாய் மண்மேட்டுப் பக்கம் இருக்கோணும்," என்றேன் நான்.

கையோடு என்னை அழைத்துப் போய்க் காட்டினார். வீட்டிலிருந்து எஸ்டேட் ரோட்டில் ஏறும்போது மேடு இடது பக்கம்தான் இருந்தது. சரியென்று தலையாட்டினேன். திரும்பி இறங்கும்போது அதே இடது பக்கம் பள்ளமாகிவிடும் என்பது எங்கள் இருவர் மண்டையிலும் ஏறவில்லை. அவராவது சமவெளியில் வளர்ந்தவர். இங்கேயே பிறந்த எனக்கு என்ன கேடு?

முதல் நாள் ஏற்றத்தில் நாய்தான் என்னை இழுத்துக்கொண்டு போனது. சிரித்துக்கொண்டே ஏறினேன். சைக்கிளைத் திருப்பிய பிறகுதான் இடது பக்கம் பள்ளம் என்று தெரிந்தது. அந்த ரோட்டில் கைப்பிடிச் சுவர் கிடையாது. விளிம்பிலிருந்து கல்கட்டு நேராக இறங்கும், அதன் அடியில் தேயிலை. நாய் அந்த விளிம்பிலேயே ஓடியது. மூடுபனியில் சக்கரம் வழுக்கியது. இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடலாம் என்று நான் நினைத்தபோது வளைவுக்கு அப்பால் தேயிலை லாரியின் ஹார்ன் கேட்டது.

மலையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும். பழக்கத்தில் நானும் சைக்கிளை விட்டு இறங்கி விளிம்பை ஒட்டி ஒதுங்கினேன். லாரி என்னை உரசுகிற மாதிரி வந்து இன்னொரு ஹார்ன் அடித்தது. நாய் பயந்து பள்ளத்துக்குள் குதித்துவிட்டது.

சங்கிலி தரையை எட்டவில்லை. நாய் கழுத்துப்பட்டையில் தொங்கியது. சைக்கிள் விளிம்பை நோக்கிச் சாய, ஹேண்டில்பாரையும் சீட்டையும் பிடித்து என் முழு பலத்தோடு பின்னால் இழுத்தேன். எட்டிப் பார்த்தால் அதன் பின்னங்கால்கள் கல்லில் பிறாண்டுகின்றன, நாக்கு வெளியே தள்ளியிருக்கிறது, சத்தமே இல்லை. கொக்கி குழாய் நுனியில் என் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. சைக்கிளை விட்டால் அது நாயின் மேலேயே விழும். விடாவிட்டால் என் கண்ணெதிரே மூச்சடைத்துச் செத்துப்போகும். லாரி மேலே எங்கோ போய் நிற்கும் சத்தம் கேட்டது. டிரைவர் ஓடி வரும்வரை தாங்காது. கணவரையும் அவருடைய வெல்டிங் பட்டறையையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பின்னங்கால்கள் பிறாண்டுவதை நிறுத்தின.

சைக்கிளை விட்டுவிட்டேன்.

"ஏனுங்கக்கா, குதிக்காதீங்க!" என்று டிரைவர் கத்துவதற்குள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு கீழே போயிருந்தேன். மேலே மட்டமாக வெட்டிக் கவாத்து செய்த தேயிலைச் செடிகளின் மேல் சைக்கிள் கட்டிலில் போட்ட மாதிரி கிடந்தது. நாய் செடிகளுக்கு அடியில் கிடந்தது. தவழ்ந்து போய்ப் பட்டையை அவிழ்த்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கிழிந்த துருத்தி மாதிரி ஒரு மூச்சு வந்தது. அதைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

நாய் பிழைத்துக்கொண்டது, ஆனால் குரல் போய்விட்டது. தொண்டை நசுங்கியிருக்கிறது, திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் மருத்துவர். கணவர் யாரும் சொல்லாமலே குழாயை அறுத்துப் போட்டார். பால்காரர் வந்தால் நாய் பாய்ந்து போய் வாயைத் திறக்கும், வெறும் காற்றுதான் வரும். பிறகு திரும்பி என்னைப் பார்க்கும். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"இப்பத்தான் அம்மணி நிம்மதியா தூங்கறேன்," என்றார் ஓனர். அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது.

ஒரு காலையில் மதில்மேல் குரங்கு வந்து உட்கார்ந்தது. நாய் பாய்ந்தது. முதலில் ஒரு கரகரப்பு, அப்புறம் ஒரு குரைப்பு. எங்களால் நம்ப முடியவில்லை. நாயாலும் நம்ப முடியவில்லை போலும், நிறுத்தாமல் குரைத்தது.

தலைக்கு மேலே தடியால் தரையைத் தட்டினார் ஓனர். "அம்மணி! நாயை அடக்குங்க!"

கணவர் என்னைப் பார்த்தார். நான் கதவைத் திறந்து மாடியைப் பார்த்துக் கத்தினேன்.

"வேற ஊடு பாத்துக்கறோமுங்க. அது குரைக்கட்டும்!"