கள்ளிக்கு ஊற்றிய சாமித் தண்ணீர்

ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் அப்பா ஒன்றைத்தான் கேட்டார்: குளிர் முடியும்வரை அவருடைய கள்ளிகளுக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் விடக்கூடாது, விட்டால் அழுகிவிடும். நான் சும்மா இருப்பேனா? கிடைத்த காணொளிகளையெல்லாம் பார்த்து, கள்ளிக்குக் குளிர்கால உறக்கம் வேண்டுமாம் என்று, ஹீட்டர் அணைத்த அறை ஜன்னலுக்கு அவற்றை மாற்றினேன்.

ஜனவரியில் பெரிய கள்ளியின் அடியைத் தொட்டேன். விரல் உள்ளே போனது; மண் ஈரமாயிருந்தது. “ஆர் தண்ணி விட்டது?” என்று கேட்டேன்.

“சாமிக்கு வைச்ச செம்புத் தண்ணியை வேற எங்க ஊத்துறது?” என்றார் அம்மா. “எச்சில் கோப்பை கழுவுற சிங்குக்க ஊத்தேலுமே? அப்பா சுகமாகி வரவேணுமெண்டு வைச்ச தண்ணியடா.”

அழுகியதைக் குப்பைப் பைக்குள் போடும்போது அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து போனில் அழைத்தார். குரல் நேற்றையதைவிட மெலிந்திருந்தது.

“தண்ணி விடேல்லைத்தானே?”

“ஒரு சொட்டும் விடேல்லை, அப்பா.”

அம்மா சத்தமில்லாமல் பையின் வாயைக் கட்டினார்.